முகப்பில் அயல்மொழி, மூட்டையில் தமிழ்!

வெளியூரினின்று மதுரைக்கு வருகின்றவன் மேலூர்ச் சாலையில் பேருந்தை விட்டிறங்கும் இடத்திற்கு மாட்டுத்தாவணி என்று பெயர். 1999-இல் அங்குப் பேருந்து நிலையம் எழுப்பப்பெற்றது. அதற்கு ம.கோ.இரா. பெயர் அலுவற்பெயராகச் சூட்டப்பெற்ற பின்னும், நடத்துநர் கூவுவதும் ஊரார் கேட்பதும் மாட்டுத்தாவணி என்பதேயாம். மாடு கட்டிய கயிறு அறுந்தது, கட்டுத்தறி பிடுங்கப்பட்டது, தரகன் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய புழுதி நிலத்தின்மேல் கற்காரைத் தளம் பரவியது. சொல் ஒன்றுமட்டும் அங்கு நின்றுகொண்டு, தன்னை ஈன்ற சந்தையை நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது.

இன்றைய இளைஞனைக் கேட்டால், மாட்டுக்குத் தாவணி எதற்கு என்று நகைக்கின்றான். அவன்மேற் குற்றமில்லை. தாம்பு என்பது மாடு கட்டும் கயிறு என்பதை அவனுக்கு எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. நீண்ட தாம்பொன்றில் மாடுகளை அணியாகப் பிணித்து நிறுத்தினால் அது தாவணி. அவ்வாறு நிறுத்தி விற்கும் இடமும் தாவணி. தாம்பும் அணியும் வீட்டுச் சொற்களாக இருக்கும் ஒரு மொழியில் தாவணிக்கு வேர் காணமாட்டாமல், அதனையும் வடமொழியிற் போய்த் தேடுவார் உளர். தேடட்டும். மாட்டுக்காரன் அவர்களைக் கேட்டுக்கொண்டு கயிறு திரிக்கவில்லை.

அந்தப் பேருந்து நிலையத்தைச் சுற்றியும், அங்கிருந்து நகருக்குட் செல்லும் சாலைகள்தோறும் பெயர்ப்பலகைகளை ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். சூப்பர் மார்க்கெட்டு, டெக்சுடைல்சு, சுவீட்சு, பேக்கரி, மெடிக்கல்சு, பர்னிச்சர் மார்ட்டு! துணிக்கடை என்றெழுதினால் துணி கிழிந்துவிடும் போலும்! மருந்துக்கடை என்றெழுதினால் மருந்து நஞ்சாகிவிடும் போலும்! ஆனால், அக்கடைக்குள் நுழைந்தவுடன் நடப்பது என்ன? விலை கேட்பது தமிழில். குறைத்துக் கேட்பது தமிழில். கடனுக்குக் கேட்டுக் கெஞ்சுவது தமிழில். கடன்காரனைத் திட்டுவது கலப்பற்ற நற்றமிழில்! வயிறு தமிழில் நிறைகின்றது. நெற்றி மட்டும் ஆங்கிலத்தில் மின்னுகின்றது.

இந்த இரட்டை வாழ்க்கை நேற்று வந்ததன்று. எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல் ஒன்று இதற்குச் சான்று கூறுகின்றது.

மதுரைக்கு வடகிழக்கே, இன்றைய சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரிக்கு அருகில் பிரான்மலை நிற்கின்றது. பாரி ஆண்ட பறம்பு இதுவே என்பது வழிவழி வழங்கிவரும் செய்தி. ஞானசம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமும் இதுவே. பாரியின் முந்நூறு ஊரைக் கேட்டுப் பரிசிலர் வந்த மலைக்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மூட்டை முடிச்சுகளோடு வணிகர் வந்தனர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருங்குழுவைச் சேர்ந்தோரும், கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் போன்ற குழுவினரும், பல பட்டினங்களின் நகரத்தாரும் ஒருங்கு கூடினர். கூடி, தாங்கள் வாங்கி விற்கும் ஒவ்வொரு சரக்கின்மீதும் இன்ன அளவு என்று தங்களுக்குத் தாங்களே ஒரு வரி விதித்துக்கொண்டு, அதனை அம்மலைக் கோயிலின் திருப்பணிக்கு எழுதி வைத்தனர். எந்த மன்னனும் அவர்களைத் தண்டவில்லை. சந்தை தன் கணக்கைத் தானே எழுதிற்று.

அக்கல்வெட்டின் முகப்பைப் படிக்கின்றவன் தமிழ்நாட்டில்தான் நிற்கின்றோமா என்று ஐயுறுவான். அது வடமொழி அடுக்கு. உலகமெல்லாம் தங்களுக்குப் புகலிடம் என்றும், ஐந்நூறு வீரர் ஆணை தங்களுடையது என்றும் வணிகர் தம்மைத் தாமே வடமொழித் தொடர்களாற் புகழ்ந்துகொள்கின்றனர். அவர்தம் பிற மெய்க்கீர்த்திகளிலும் இதே மிடுக்கு உண்டு. பதினெண் பட்டினம், முப்பத்திரண்டு வேளாபுரம், அறுபத்துநான்கு கடிகைத்தாவளம் என்று எண்ணிக் காட்டும் பெருமையும் உண்டு. (கடிகைத்தாவளம் என்பதைக் குறித்த நாளிற் கூடும் சந்தை என்று ஆய்வாளர் சிலர் பொருள்கொள்வர்.)

முகப்பைக் கடந்து உள்ளே செல்க. அங்கே மூட்டை அவிழ்கின்றது. உப்பு, நெல், அரிசி, பயறு, அவரை, ஆமணக்கு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, கடுக்காய், இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், யானை, குதிரை! ஒரு தமிழ்நாட்டுச் சந்தையின் நடுவே நின்று ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாற் காதில் விழக்கூடிய சொற்கள் இவை. இவற்றிற் பெரும்பாலானவற்றை இன்றும் எந்த மளிகைக் கடைச் சீட்டிலும் அப்படியே காணலாம். வணிகர் விதித்த வரிக்கும் பட்டணப் பகுடி என்றே பெயர். பகுதி என்னும் சொல்லின் திரிபே பகுடி. பட்டணத்திற்குரிய பங்கு என்பது பொருள். ஆக, பீற்றிக்கொள்ளும்போது வடமொழி. காசு எண்ணும்போது தமிழ்! அன்றைய வணிகனுக்கு வடமொழி எதுவோ அதுவே இன்றைய கடைக்காரனுக்கு ஆங்கிலம். பலகை மாறிற்று, பழக்கம் மாறவில்லை.

அதே பட்டியலில் உள்ள பன்னீரைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அது தமிழ்நாட்டிற் பிறந்த பொருளன்று, கடல்கடந்து வந்தது. வணிகன் அதனை முகர்ந்து பார்த்தான், பனிநீர் என்றான். அயற்பெயரை நாவிற் சுமந்துகொண்டு திரியவில்லை. இதற்கு ஒரு புலவர் குழு கூடவில்லை. கலைச்சொல்லாக்க வாரியம் அமைக்கப்படவில்லை. சந்தை பெயரிட்டது, நாடு ஏற்றுக்கொண்டது.

தமிழ் வணிகச் சொற்களின் பழமையைக் காணப் பிரான்மலைக் கல்லினும் முற்பட்ட கற்கள் மதுரையைச் சூழ்ந்தே கிடக்கின்றன. மேலூருக்கு அருகில் மாங்குளத்து மலைக்குகையில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் வெட்டப்பெற்ற தமிழி எழுத்துகள் உள்ளன. நெடுஞ்செழியன் பெயர் தாங்கிய அக்கல்வெட்டுகளுக்கிடையே, வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் துறவிகளுக்குச் செய்த கொடையும் பொறிக்கப்பட்டுள்ளது. கிடாரிப்பட்டிப் பக்கம் அழகர்மலைக் குகைக்குச் சென்றால், மதுரைக் கடைத்தெருவே கல்லிற் படுத்திருக்கக் காணலாம். உப்பு வணிகன் ஒருவன்; அறுவை வணிகன் ஒருவன்; கொழு வணிகன் ஒருவன்; பாணித வணிகன் ஒருவன்; பொன்கொல்வன் ஒருவன். அமண் துறவிகளுக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்து, தத்தம் பெயரையும் தொழிலையும் தமிழில் வெட்டுவித்திருக்கின்றனர். கொழு என்பது ஏர்முனையிற் செருகும் இரும்பு. அதனை விற்றவனுக்குத் தன் கடைப்பெயரைச் சொல்ல நாணம் இல்லை. அறுவை என்பது துணி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மதுரையில் அறுவை வணிகன் என்று கல்லிற் பொறித்தவனின் ஊரில், இன்று டெக்சுடைல்சு என்று மின்விளக்கிற் பொறிக்கின்றான்!

இந்த இடத்தில் எதிர்வழக்காடுவார் உடனே எழுந்து நிற்பர். மாங்குளத்து வணிகக் குழு தன்னை நிகமம் என்று சொல்லிக்கொள்கின்றதே, அது பிராகிருதம் அன்றோ? பாணிதமும் அப்படித்தானே? தொடக்கத்திலேயே கலப்புத்தானே? என்று கேட்பர். கேட்கட்டும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நிகமம் வடக்கிலிருந்து வந்த சொல்லே, பாணிதமும் அவ்வாறே. ஆனால், எது வந்தது என்பதை நோக்குக. குழுவின் பட்டப்பெயர் வந்தது. கருப்பஞ்சாற்றுப் பாகு ஒன்றின் பெயர் வந்தது. உப்பு வரவில்லை, அறுவை வரவில்லை, கொழு வரவில்லை, பொன் வரவில்லை. அமண் துறவிகளோடு பழகிய வணிகர் அவர்தம் மொழியில் ஒரு பட்டம் சூடிக்கொண்டனர். பிரான்மலை முகப்பிற் கண்ட நோயின் முதற்புள்ளி இதுவே. நோய் பழையது என்பதனால் அது நலம் என்று ஆகிவிடுமோ? இன்னொன்றும் உண்டு. நிகமம் இன்று எந்தத் தமிழன் வாயிலும் இல்லை. உப்பு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பட்டம் உதிர்ந்தது, சரக்கு நின்றது.

வணிகன் தமிழை விற்றுப் பிழைத்தவன் அல்லன். தமிழை ஆக்கியவனும் ஆவான் என்பதற்குக் கழகப் புலவர் பெயர்களே போதும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணிக்கடைக்காரர். மதுரைப் பண்ட வாணிகன் இளந்தேவனார், மதுரை ஓலைக்கடையத்தார் நல்வெள்ளையார், மதுரைப் பொற்கொல்லன் வெண்ணாகனார் ஆகிய பெயர்களிலேயே கடையும் பட்டறையும் உள்ளன. மணிமேகலை செய்த சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். நெல்லும் பயறும் அளந்தவர். அளந்த கையே காப்பியத்தையும் எழுதிற்று. தமிழ்ப் பெயரிட்டாற் கடை ஓடாது என்று இன்று சொல்லுகின்றவன், கூலக்கடை வைத்துக்கொண்டு காப்பியம் செய்தவன் ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்லுகின்றான்.

அவ்வூர்க் கடைத்தெருவின் கோலத்தை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் விரித்துரைத்திருக்கின்றார். பகலிற் கூடுவது நாளங்காடி. இரவிற் கூடுவது அல்லங்காடி. கொடிகள் அசையும் தெருக்களும், மணப்பொருள் சுமந்து மனைதோறும் செல்லும் முதிய பெண்டிரும், கூடு திரும்பும் பறவைக் கூட்டத்தின் ஒலிபோல் எழும் மாலைக் கடைத்தெருவின் ஆரவாரமும் அப்பாட்டில் உள. சிலப்பதிகாரமோ கோவலனை மணி விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, அறுவை விற்கும் தெரு, கூலம் குவித்த தெரு என ஒவ்வொன்றாய்ச் சுற்றிக் காட்டுகின்றது. நிறைகோல் பிடித்தோரையும், பறையாலும் அம்பணத்தாலும் அளப்போரையும் பெயர் சொல்லிக் காட்டுகின்றது. தூங்கா நகரம் என்று மதுரையை இன்று பெருமையோடு சொல்கின்றனரே, அத்தூங்காமைக்கு அல்லங்காடி என்னும் பெயர் இருக்க, இரவுக் கடைக்கு நைட் பசார் என்று பலகை மாட்டுவானேன்? அங்காடி என்பது தமிழனுக்கு மட்டும் உரிய சொல்லும் அன்று. கன்னடன் அங்கடி என்கின்றான். தெலுங்கன் அங்கடி என்கின்றான். மலையாளி அங்ஙாடி என்கின்றான். உடன்பிறந்தார் மூவரும் பாட்டன் சொத்தை வைத்துக்கொண்டிருக்க, மூத்தவன் மட்டும் மார்க்கெட்டுக்குப் போகின்றான்.

சந்தையின் பெயரிடும் ஆற்றல் பழங்காலத்தோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துகீசியர் வழியாக அமெரிக்க நாட்டுப் பயிர்கள் பல வந்து இறங்கின. காரமான காய் ஒன்று வந்தது. அதன் அயற்பெயர் என்ன என்று எந்த உழத்தியும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மிளகுபோற் காரம், ஆனாற் காய். ஆகவே மிளகாய்! இலையொன்று வந்தது, சுருட்டிப் புகைத்தனர், புகையிலை! பறங்கியர் கொணர்ந்த காய் பறங்கிக்காய் ஆயிற்று. பெருங்கோழி ஒன்று வந்தது, வான்கோழி என்றனர். இச்சொற்களை ஆக்கியவர் பட்டம் பெற்றவர் அல்லர், கூடை சுமந்தவர். அவர்களிற் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவே இருந்திராது. ஆனால், தம் நாவின்மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. அப்பாட்டிக்கு இருந்த துணிவு, பட்டம் பெற்ற பேரனுக்கு இல்லை. அவன் காய்கறிக்கடையை வெசிட்டபிள்சு என்று எழுதிவிட்டு உலகத் தரம் என்கின்றான்.

பொருள் அயலிலிருந்து வந்தால் அதனொடு பெயரும் வந்து ஒட்டிக்கொள்வது எல்லா மொழிக்கும் உண்டு. சவ்வாதை யாரும் பழிக்கவில்லை. வீட்டில் விளைந்த பொருளுக்கு அயற்பெயர் சூட்டுவதே பழிக்கத்தக்கது. அரிசியை ரைசு என்பவனையும், பாலை மில்க் என்பவனையும் எந்தக் கடலோடியும் கட்டாயப்படுத்தவில்லை.

மாட்டுத்தாவணிக்கே மீண்டும் வருக. அச்சந்தையின் வரலாறு சித்திரைத் திருவிழாவோடு பின்னியது. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623-1659) மாசித் திங்களில் நடந்துவந்த மீனாட்சி திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது மதுரை வரலாற்றில் அறியப்பெற்ற செய்தி. அதற்குமுன் அழகர் இறங்கியது சோழவந்தான் பக்கத்துத் தேனூரில் என்பர். இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகின்றது. விழா பெயர்ந்தது, தெரு தன் பெயரை விடவில்லை. அறுவடை முடிந்து கையிற் காசும் வேலையில் ஓய்வும் உள்ள நாளில் ஒரே விழாவுக்குச் சுற்றுப்புறச் சமவெளி முழுதும் வண்டி கட்டி வந்தது. வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை, மாட்டையும் ஓட்டிவந்தான். சாமி கும்பிட்டான், கிழமாட்டை விற்றான், இளமாட்டை வாங்கினான். அடுத்த பொன்னேருக்கு அணியமானான்.

அத்தாவணியில் வழங்கிய தமிழை எந்தப் பாடநூலும் தொகுத்துத் தரவில்லை. மயிலை, செவலை, காரி என்று நிறத்திற்கு ஒரு சொல். கொம்பில்லாததற்கு மோழை என்று ஒரு சொல். மயிர்ச்சுழியின் இடத்திற்கேற்ப நல்ல சுழி, கெட்ட சுழி என்று ஒரு நூலே எழுதலாம் அளவுக்குச் சொற்கள். அகவையை ஆண்டுக் கணக்கிற் சொல்லார். பல் போடாதது, இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று வாயைத் திறந்து பார்த்துச் சொல்வர். புலிக்குளத்து மாடு என்றால், பகலில் மேய்ந்து இரவில் வயலிற் கிடையமர்த்தப்பட்டு நிலத்திற்கு உரமாகும் இனம் என்பது சொல்லாமலே விளங்கும். தரகர்க்கு வேறு தனிக்குறிகள். குழூஉக்குறி என்று நன்னூல் இலக்கணம் வகுத்து வைத்தது இத்தகைய வழக்கைத்தான். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் அதற்கு உரைகாரர் காட்டிய எடுத்துக்காட்டுகள். மாட்டுத்தரகனின் பேச்சும் இலக்கணத்திற்கு உட்பட்டதே. மாடு போனபோது, கலப்பை போனபோது, இச்சொற்கள் எல்லாம் கேட்பாரற்று உதிர்ந்தன. ஒரு சந்தை மூடப்படும்போது ஓர் அகரமுதலி எரிக்கப்படுகின்றது. ஆனாற் புகை எழுவதில்லையாதலால் யாரும் ஓடிவருவதில்லை.

விழாவின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மதுரைச் சொக்கனைப்போல் கடை வைத்த கடவுள் வேறெங்கும் இல்லை. திருவிளையாடல்களில் அவன் வளையல் விற்கின்றான், விறகு விற்கின்றான், மாணிக்கம் விற்கின்றான், குதிரை வணிகனாய் வருகின்றான், கூலிக்குப் பிட்டு வாங்கி உண்டு மண் சுமக்கின்றான். வளையல் விற்ற சொக்கன் எந்த மொழியிற் கூவியிருப்பான்? விறகு வாங்கலையோ என்று வடமொழியிலா கேட்டிருப்பான்? தெருவில் தமிழில் விலை பேசியவனை, கருவறைக்குள் கொண்டுபோய் வைத்துத் தமிழ் தெரியாதவன் ஆக்கிவிட்டனர்! பிரான்மலைக் கல்வெட்டின் கதையே இங்கும். முகப்பில் வடமொழி, மூட்டையில் தமிழ். கோயிலுக்கு வெளியே பூ விற்கும் பெண்ணுக்கு உள்ள உரிமை, உள்ளே அவள் மொழிக்கு இல்லை. அவளோ இன்றும் மல்லிகையை முழம் போட்டே விற்கின்றாள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. முழத்திற்கு எந்தக் குறியீடும் கிடைக்கவில்லை.

நாயக்கர்க்குப்பின் ஆங்கிலவன் வந்தான். கோட்டை மதிலை இடிப்பித்தவர் பிளாக்பர்ன் என்னும் மாவட்டத் தண்டலர். அவர்க்கு நினைவாக விளக்குத்தூண் நிற்கின்றது. மதில் இருந்த நிலத்தை அளந்தவர் பெயரில் மாரட்டு வீதி. அளக்க வந்தவன் தன் பெயரை ஊருக்குச் சூட்டிவிட்டுப் போனான். ஊரிற் பிறந்தவன் தன் கடைக்குத் தன் மொழியிற் பெயர் சூட்ட அஞ்சுகின்றான். ஆயினும், மதுரையின் உட்தெருக்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. நெல்பேட்டை, வெண்கலக்கடைத் தெரு, தென்னோலைக்காரத் தெரு, வளையற்காரத் தெரு, மஞ்சணக்காரத் தெரு! அத்தெருப் பெயர்களைச் சேர்த்துப் படித்தாலே ஒரு பழைய சந்தை கண்முன் விரிகின்றது. நாழியும் மரக்காலும் குறுணியும் கடைகளை விட்டுப் போய்விட்டன. ஆனால், மீனாட்சி கோயிலுக்குட் செல்கின்றவன் முக்குறுணிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் வருவதில்லை. அங்குக் குறுணி ஒன்றாவது காப்பாற்றப்பட்டிருக்கின்றது.

வணிகர் தாமே கூடித் தாமே வரி விதித்துக்கொண்ட பிரான்மலை முறையும் முற்றிலும் அழியவில்லை. மகன்மை என்று கல்வெட்டுகளில் வழங்கிய சொல் மகமை என்று மருவி, தென்பாண்டி நாட்டு வணிகரிடை இன்றளவும் வாழ்கின்றது. திருமங்கலம், விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி போன்ற ஊர்களில் நாடார் வணிகர் பேட்டை அமைத்து, மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை தண்டி, அப்பணத்தைப் பொதுப்பணிக்குச் செலவிட்டனர். விருதுநகரில் 1889-இல் மகமைப் பணத்தால் ஒரு பள்ளியே தோன்றியது. ஏழையும் படிக்க வழி செய்த அருஞ்செயல் அது. எவ்வளவு போற்றினும் தகும். ஆனால், அப்பள்ளிக்கு இட்ட பெயர் சத்திரிய வித்தியாசாலை! மிளகாய் மூட்டைமேல் விழுந்த தமிழ்க் காசு, பள்ளி வாயிலுக்கு வந்ததும் வடமொழி முடி சூடிக்கொண்டது. உழைத்து உயர்ந்தவனுக்கே தன் மொழி தன் உயர்வுக்குப் போதாது என்னும் எண்ணத்தை ஊட்டியது எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாழ்த்தியவன் மொழியாலேயே உயர்ந்து காட்டவேண்டும் என்னும் அவாவே அது. இன்று அவ்வவா ஆங்கிலத்தின்மேற் பாய்ந்திருக்கின்றது.

சட்டம் இல்லையா? உண்டு. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் பற்றிய விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழே முதலிடம் பெற்றுப் பெரிதாக இருத்தல் வேண்டும். தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்திற்கு மூன்று பங்கு, பிறமொழிக்கு இரண்டு பங்கு என்பது கணக்கு. கடைக்காரன் இச்சட்டத்தை வென்ற வகை நகைப்பிற்குரியது. டெக்சுடைல்சு என்பதையே தமிழெழுத்திற் பெரிதாக எழுதிவிடுகின்றான்! ஐந்து பங்கும் ஆயிற்று, தமிழும் இல்லையாயிற்று. அலுவலரும் எழுத்தை அளக்கின்றார்; சொல்லை அளப்பதில்லை.

அரசு மனம் வைத்தால் நடக்காதது ஒன்றுமில்லை என்பதற்கும் மதுரையே சான்று. பேருந்து நிலையம் மாட்டுத்தாவணிக்கு வந்த அதே 1999-இல், நவம்பர் 14 அன்று, மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. தரகன் இல்லாமல் உழவனே நேரில் விற்கும் முறை. அங்காடி என்றிருந்தால் இன்னும் இனித்திருக்கும், அது கிடக்க. உழவர் சந்தை என்னும் பெயரை எவரும் பார்மர்சு மார்க்கெட்டு என்று மாற்றிக் கூப்பிடவில்லை. ஊர்தோறும் உழவர் சந்தை உழவர் சந்தையாகவே பரவிற்று. தமிழ்ப் பெயர் மக்கள் வாயில் நுழையாது என்று சொல்வோர் அச்சந்தையில் ஒருநாள் கத்தரிக்காய் வாங்கிப் பார்க்கட்டும். அலங்காநல்லூர்க்கு அருகில் கீழக்கரையில் 2024-இல் திறந்த அரங்கிற்கும் ஏறுதழுவுதல் அரங்கம் என்றே பெயரிட்டனர். 2017-இல் காளைக்காகத் தமுக்கத்தில் இரவும் பகலும் அமர்ந்த இளைஞர்க்கு அப்பெயர் ஒன்றும் கரடுமுரடாய்ப் படவில்லை.

ஆதலின், கேட்க வேண்டிய இடம் வணிகர் அவைகளே. மதுரையிலும் சுற்றூர்களிலும் வணிகர்க்குக் குழுக்கள் உண்டு, தலைவர்கள் உண்டு, மகமையும் உண்டு. பிரான்மலையிற் கூடியவர்களைப்போல் இவர்களும் ஒருநாட் கூடட்டும். துணிக்கடை, மருந்துக்கடை, இனிப்பகம், அடுமனை, அறைகலன் கடை என்று தத்தம் தொழிலைத் தமிழில் எழுதுவது என ஒரு தீர்மானம் செய்யட்டும். விலைச்சீட்டைத் தமிழில் அச்சிடட்டும். பற்றுச்சீட்டில் வாங்குகின்றவன் படிக்கக்கூடிய மொழி இருக்கட்டும். தான் என்ன வாங்கினோம், எவ்வளவு வரி கட்டினோம் என்று படிக்கவியலாத தாளைக் கையில் வாங்கிக்கொண்டு போகின்ற மூதாட்டிக்கு அது மொழிச் சிக்கல் மட்டுமன்று. ஏமாற்றப்படுகின்றோமா இல்லையா என்னும் காசுச் சிக்கல். பகுடி எவ்வளவு என்று எழுநூறு ஆண்டுக்கு முன்பே கல்லில் தமிழில் வெட்டி வைத்த நாட்டில், இன்று வரி எவ்வளவு என்று அறியக் கிழவி பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடுகின்றாள்.

மதுரையை அடுத்த விளாச்சேரியிற் பிறந்த சூரியநாராயண சாத்திரியார் தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று மாற்றிக்கொண்டார். பிறப்பிலே வந்த பெயரையே மாற்றிக்கொண்டார். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவியதும் இதே மதுரையில். 1981 சனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில், தமிழ்ச் சொல்லின் வேரைப் பற்றியே பேசி வாழ்ந்த மொழிஞாயிறு பாவாணர் உரையாற்றி, உடல்நலம் குன்றி, மதுரை மண்ணிலேயே உயிர்நீத்தார். அவர் மூச்சு அடங்கிய ஊரில், ஒரு பலகையை மாற்ற எவ்வளவு செலவாகும் என்று கடைக்காரர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்.

மாட்டுத்தாவணியில் வண்டி வந்து நிற்கின்றது. நடத்துநர் படியில் நின்று, இறங்குவோர்க்கும் ஏறுவோர்க்குமாகக் குரலெடுத்து அவ்வூர்ப் பெயரை இருமுறை கூவுகின்றார். சுற்றியுள்ள நூறு பலகைகளில் எதனையும் அவர் படிப்பதில்லை.